உப்புநீர் விட்ட கண்

மகளே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். பேப்பரை எடுத்துத் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு வைத்துவிடுகிறேன். எங்கேயாவது போகணுமா என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். போக ஓர் இடமும் இல்லை. ஜெர்மனிக்குப் போகவில்லை, அந்த ஆராய்ச்சி இடத்தை வேண்டாம் என்று எழுதப் போகிறேன், பெங்களூர் வேலையையும் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்கே வந்துவிடுகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். "அப்பாக்க கண்ணு" என்றாய். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை, ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனில் எனக்கு எப்போதும் அப்படித்தான். வண்டி ஓட்டிக்கொண்டே பேசச் சொன்னால் பேசுவேன். கையில் ஒரு வேலை இருந்தால் வாயில் வார்த்தை வரும். இப்போது வண்டி இல்லாததால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண் மோசமாகிவிட்டது என்று நினைக்காதே. என் எழுத்து எப்போதுமே இதுதான்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கிழக்கேகோட்டையில் வேன் போட்டு ஓட்டியவன் நான். களியக்காவிளையிலிருந்து கிளீனராக வந்தவன் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதன் முன்கண்ணாடியில் உன் பெயரை எழுதினேன். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். வித்துரா தாண்டிக் கல்லாற்றில் நிறுத்தி, அவர்கள் ஆற்றில் காலை நனைத்து முடிக்கும்வரை நான் ஒரு சாயா குடிப்பேன். அப்புறம் வளைவுகள். மேலே மூடுபனி இறங்கியிருந்தாலும் எந்த வளைவில் எப்போது கியரை மாற்ற வேண்டும் என்று கைக்குத் தெரியும். அந்தக் கையை நம்பித்தான் கண் போய்க்கொண்டிருந்ததை நான் அவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்று பிறகு புரிந்தது.

கல்லாற்றில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது. கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். இடப்பக்கம் ஓர் அம்மாள் தார்ப்பாய் கட்டி அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற கடை. என் வண்டியின் பக்கக்கண்ணாடி அந்தத் தார்ப்பாய்க் கயிற்றில் மாட்டி, கடை அப்படியே சரிந்தது. பழங்கள் ரோட்டில் உருண்டன. உன்னிடம் இதுவரைதான் சொன்னேன், அதுவும் வேடிக்கைபோல. அந்த அம்மாள் அப்போது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கயிறு மாட்டி வண்டி குலுங்கியதால் பிரேக்கை மிதித்தேன். கயிறு இல்லாமல் இருந்திருந்தால் மிதித்திருக்க மாட்டேன். அவள் எழுந்து வந்து, "சேட்டா, என்னெ கண்டில்லே?" என்று கேட்டாள். கோபத்தோடு அல்ல, நான் அவளைப் பார்க்கவில்லையா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கண்ணில் வெயில் அடித்தது என்றேன். அன்று மேகம் மூடிக் கிடந்தது. அவளும் வானத்தைப் பார்த்தாள்.

வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தாள், நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் நீ மருந்தியல் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை நாற்காலியைத் திருப்பி உட்காரச் சொன்னாய். வலது கண்ணைப் பொத்தி உன் மூக்கையே பார்க்கச் சொன்னாய். ஒரு கரண்டியை ஓரத்திலிருந்து கொண்டுவந்து, தெரியும்போது சொல்லுங்கள் என்றாய். நான் சொன்னபோது கரண்டி கிட்டத்தட்ட உன் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. உன் முகம் மாறியதை மட்டும் நன்றாகப் பார்த்தேன். நடுவில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டுதானே இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஊன்றி உட்காரவைத்து, நீல வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவந்து பிரஷர் பார்த்தார்கள். பிறகு ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். புள்ளி வராமலே நேரம் போனால் எனக்குப் பதற்றம். தெரியாதபோதும் அழுத்தினேன். டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன்போல. கருவி அதைக் கண்டுபிடித்துவிட்டது. டாக்டரம்மா மறுபடி உட்காரவைத்தார்கள். இரண்டு கண்ணுக்குள்ளும் அழுத்தம் அதிகம். இடது கண்ணில் ஓரப்பார்வை பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்பாது. வலது கண்ணில் ஆரம்பித்திருக்கிறது. சொட்டு மருந்து விடுங்கள், அதில் இறங்காவிட்டால் ஆபரேஷன், மலைப்பக்கம் வண்டி எடுக்காதீர்கள் என்றார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடியவில்லை. ஒன்றும் செய்யாத வியாதி எப்படி வியாதியாகும் என்று வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன்.

அப்போதுதான் நீ உன் வேலையை எனக்கு முதன்முதலாகச் சொன்னாய். அதுவரை நீ முயல்களுக்கு ஏதோ மருந்து விடுகிறாய் என்று மட்டும் வேன் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும், வடிவது மந்தமானால் அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் பின்னாலிருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும் என்றாய். ரேடியேட்டர் அடைப்பு மாதிரியா என்றேன். அவ்வளவு லேசு இல்லை என்றாய். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் பொட்டாசியம் போய்வர வாசல்கள் இருக்கின்றன, பொட்டாசியம் சேனல் என்று பெயர், சில மருந்துகள் அவற்றைத் திறக்கும், திறந்தால் ரத்தக்குழாய்கள் தளரும், அதனால் அவற்றை ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கிறார்கள், அதையே கண்ணில் விட்டால் உள்ளே அழுத்தம் இறங்குமா ஏறுமா என்பதுதான் உன் கேள்வி. மூடுகிற மருந்தும் உண்டாம். அம்மா சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரை அந்த வகை என்றாய். அம்மா உடனே அந்த மாத்திரையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

மலை ஏறுவதை விட்டு டவுன் ஓட்டம் மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் ஸ்டெப்னியைத் தூக்கும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டது. இதய டாக்டர் மாத்திரை எழுதினார். நீ ஓடிவந்து பட்டையை வாங்கிப் பார்த்தாய். நிக்கோரான்டில். உன் முயல்களின் கண்ணில் விடுகிற அதே மருந்து. என் நெஞ்சுவலியை மறந்து நீ ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாய், மறைக்கப் பார்த்தாய், நான் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் கண்ணில் பிரஷர் பார்த்தபோது இறங்கியிருந்தது. அன்று என்னைப் பிடிக்க முடியவில்லை. எனக்க மகள் கண்டுபிடிச்ச மருந்து எனக்க கண்ணுல வேலை செய்யுது என்று கிழக்கேகோட்டை முழுவதும் சொன்னேன். பூக்காரர்களுக்கும் தெரியும், பஸ் கண்டக்டர்களுக்கும் தெரியும். நீ மட்டும் தலையாட்டவில்லை. சொட்டு மருந்தை ஒழுங்காக விட ஆரம்பித்ததும் அந்த மாதம்தான், போனதடவை காலையில் அளந்தார்கள், இந்தத்தடவை மதியம், அந்த மாத்திரைக்கு வாசலைத் திறப்பதைத் தவிர வேறொரு வேலையும் உண்டு, எதனால் இறங்கியது என்று எப்படிச் சொல்வது என்றாய். படித்தவர்களுக்கு நல்லது நடந்தாலும் சந்தேகம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தேதி கேட்டபோது, மாத்திரை வேலை செய்கிறது, பார்க்கலாம் என்று தள்ளினேன். அடுத்ததடவையும் தள்ளினேன். கத்தி என்றாலே எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு உன் படிப்பு ஒரு பெயர் வைத்துக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. அதற்கு மேலும் ஒன்று தோன்றியது. வாய்வழியே போகிற மாத்திரையே இவ்வளவு செய்தால், நேராகக் கண்ணில் விட்டால்? நீ காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய்.

"ஒரு சின்னக் குப்பியில கொஞ்சம் கொண்டு வா மக்களே. ஆரும் அறியாண்டாம்."

"அது முயலுக்க கண்ணுல விடுகது அப்பா. மனுஷனுக்க கண்ணுல என்ன செய்யும்னு ஆருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"நீதானே உண்டாக்குக?"

"அதாலதான் தரமாட்டேன்" என்றாய். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். சாயங்காலம் வந்தும் பேசவில்லை. அம்மா நடுவில் நின்றுகொண்டு உன்னிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் சொல்லி அந்த வாரத்தை ஓட்டினாள்.

கொஞ்சம் பொறு. சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது. விட்டுக்கொண்டு கண்ணை மூடி, மூக்கோரம் அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காருவதுதான் எனக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டம்.

விட்டாயிற்று. ஹர்த்தால் நாளுக்கு வருகிறேன். அன்று பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. உன் முயல்களுக்கு அன்று மருந்து விட்டு அளந்தே ஆக வேண்டும், ஒரு நாள் தவறினால் அந்தச் சோதனைத் தொகுதி முழுவதும் வீண் என்று நீ தவித்துக்கொண்டிருந்தாய். ரோடு காலியாக இருக்கும், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேறு வழியில்லாமல் ஏறினாய். லேபில் முயலைப் பிடிக்கிற ஆளும் வரவில்லை. நான்தான் பிடித்தேன். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டது. அவ்வளவு வேகமாக அடிக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானும் அசையாமல் இருந்தேன். மரத்துப்போக வைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டாய், கருவியின் நுனியைக் கண்ணில் தொட்டு எண்ணை எழுதினாய். பிறகு வலது கண்ணில் உன் மருந்து. இடது கண்ணில் வெறும் உப்புநீர். இடது கண்ணுக்கு எதற்கு வீணாக என்று கேட்டேன். நீ அதற்குள் அடுத்த முயலை எடுத்தாய்.

நேரம் விட்டு நேரம் அளந்தாய். மருந்து விட்ட கண்ணில் இறங்கியது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது, மடியில் முயல். பிறகு உப்புநீர் விட்ட கண்ணை அளந்தாய். அதிலும் இறங்கியிருந்தது. அவ்வளவு இல்லை, ஆனால் இறங்கியிருந்தது. பிடித்துப் பிடித்துப் பழகினால் பயம் விட்டும் இறங்கும், பகலில் நேரத்துக்கு நேரமும் மாறும், ஒரு கண்ணில் விட்ட மருந்து ரத்தம் வழியாக மற்றக் கண்ணுக்கும் கொஞ்சம் போகும், இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மருந்து செய்தது என்றாய். கடைசியில் வெள்ளை முயல் ஒன்றுக்கு இறங்குவதற்குப் பதில் ஏறியது. இதை விட்டுவிடேன், இது முரண்டு பிடித்தது, நான் சரியாகப் பிடிக்கவில்லை என்றேன். நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த எண்ணையும் எழுதினாய். அதை எழுதும்போது உனக்கு வருத்தமாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுதினாய்.

முயல்களைக் கூண்டில் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம். "அப்போ எனக்க கண்ணுல இறங்கினது?" என்று கேட்டேன்.

நீ குழாயை அடைத்தாய். "ஒங்களுக்கு உப்புத்தண்ணி விட்ட கண்ணு ஏது அப்பா?"

இந்த ஒரு கேள்வியை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த லேபில் நின்றுகொண்டே பார்த்தேன். மாத்திரை வயிற்றுக்குப் போனது, இரண்டு கண்ணுக்கும் போனது. சொட்டும் இரண்டு கண்ணிலும் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் மூன்றாவதாக ஒரு கண் இல்லை. நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பயம் வந்தது. கத்திப் பயம் அல்ல, வேறு. கல்லாற்றில் அந்த அம்மாள் வானத்தை நிமிர்ந்து பார்த்தபோது வந்ததே, அது. வண்டியில் ஏறியதும் டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பார்கள் என்று உன்னிடம் கேட்டேன். நீ சொன்னாய். வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய்.

வலது கண்ணுக்குத்தான் முதலில் ஆபரேஷன் செய்தார்கள், காப்பாற்ற இருந்தது அதுதான். கட்டு அவிழ்த்த காலையில் எல்லாம் பாலில் முக்கியதுபோலத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தெளிந்தது. பிரஷர் இறங்கி நின்றது. இடது கண்ணுக்கும் செய்தார்கள், அது மேலும் போகாமல் நிறுத்தியதோடு சரி. இப்போது அந்தக் கண்ணில் ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது. வேனை வித்துராக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். உன் பெயரை அழிக்கட்டுமா என்று கேட்டார், இருக்கட்டும் என்றேன். நான் ஸ்டாண்டில் மற்ற வண்டிகளுக்கு ஓட்டம் பிரித்துக் கொடுக்கிற வேலைக்குப் போனேன். மற்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன். இப்போது நடக்கிறேன். கரமனை வரை, சிலநாள் அதற்கும் அப்பால்.

உன் ஆராய்ச்சி முடிந்தது. முயல்களில் அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது, சில மணி நேரம் நிற்கிறது, மூடுகிற மருந்தை முதலில் கொடுத்தால் அவ்வளவு இறங்குவதில்லை, மனிதர்களைப் பற்றி இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. அவ்வளவுதானா என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் அம்மா என்று நீ சிரித்தாய். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட உன்னை அந்த அவ்வளவுக்காகத்தான் ஜெர்மனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வாசல்கள் கண்ணில் எந்த இடத்தில் இருக்கின்றன, எது திறந்தால் நீர் வடிகிறது என்று பார்க்க.

இப்போது ஒன்று சொல்கிறேன், அம்மா சொல்ல வேண்டாம் என்கிறாள். போனவாரம் வலது கண்ணில் பிரஷர் திரும்பக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. புதிதாக ஒரு சொட்டு மருந்து சேர்த்திருக்கிறார்கள். இறங்கலாம், இறங்காமலும் போகலாம். போனில் அம்மா உன்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றது பொய். நீ முடிவெடுக்கும்போது இந்த எண்ணும் உன் முன்னால் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டும் நீ போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நீ இங்கே வந்து என்ன செய்வாய்? மாதம் ஒருமுறை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாய். நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் எண்ணை எதிர்பார்ப்பாய். ஏறினால் உன் முகம் வாடும், இறங்கினால் மலரும். ஒரு கிழவனின் ஒரு கண்ணை நம்பி உன் நாட்களைக் கட்டி வைப்பாய். எனக்கு அது பயமாக இருக்கிறது மகளே. கண் போவதைவிடப் பயமாக இருக்கிறது. என் கண் உனக்குக் காரணமாகிவிட்டால், நாளை நீ சலித்துக்கொள்ளும்போது நான் எந்தப் பக்கம் திரும்புவேன்? நீ கண்டுபிடிக்கப்போகிற மருந்து எனக்கு வரப்போவதில்லை, அதுவும் தெரியும். அது மருந்தாக ஆகுமா என்பதே தெரியாது என்று நீயே சொல்வாய். சரி. ஆகாது என்று தெரிந்துகொள்வதற்கும் ஒருவர் போய் உட்கார்ந்து அளக்க வேண்டும் அல்லவா? உன்னைப்போல் பிடிக்காத எண்ணையும் எழுதுகிற ஒருத்தி போனால் நல்லது என்று நினைக்கிறேன்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். உனக்கு மழைக்காலத்திலேயே மூக்கடைக்கும், பார்த்துக்கொள். அங்கே யாராவது உன்னைக் கேலி செய்தால் எழுது, எனக்கு ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் எழுது. வேலை சரியாக வராத நாட்களில் போன் செய், நான் பேசாவிட்டாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். யாரையாவது பிடித்துப்போனால் அம்மாவிடம் முதலில் சொல், என்னிடம் அவள் சொல்லிக்கொள்வாள்.

இதை எழுதும்போது அம்மா அடுக்களையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். என்ன எழுதட்டும் உன் பேரில் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பிறகு, "அவ போவட்டு. நான் இங்கதானே உண்டு" என்றாள். அதற்குமேல் ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.

இதை இப்போதே தபால்பெட்டியில் போட வேண்டும், வீட்டில் இருந்தால் கிழித்துவிடுவேன். அம்மா வெளியே நிற்கிறாள். கொஞ்ச நாளாக அவள் ரோட்டில் என் இடப்பக்கமாகவே நடக்கிறாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் பேசிக்கொண்டே வருவது மட்டும் கேட்கும்.

போய் வா.

அப்பா